மூக்கால் பார்க்கும் மீன்! வீட்டுத் தொட்டியில் கடல் விலாங்கு வளர்க்கலாமா?

ரெண்டு பக்கமும் நல்லவங்களா நடிக்கிறவங்களை, ‘பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு’ என்று நம்ம ஊரில் சொல்வார்கள். பாவம், விலாங்குக்கு நடிக்கவெல்லாம் தெரியாது. பார்க்கத்தான் பாம்பு மாதிரி இருக்கும். செவுளால் மூச்சு விட்டு, தண்ணீரிலேயே வாழும் அக்மார்க் மீன் அது.

இப்போது அந்த மீனுக்கு இன்ஸ்டாவில் செம மவுசு. பாறை இடுக்கிலிருந்து மெதுவாகத் தலையை நீட்டி, குச்சியில் இருக்கும் இறாலை ‘லபக்’ என்று பிடிக்கும் 15 விநாடி ரீலைப் பார்த்ததும், ‘நாமும் ஒண்ணு வாங்கினால் என்ன?’ என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், அந்த 15 விநாடிக்குப் பின்னால் 10 வருடங்களுக்கு மேல் நீளும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கடல் விலாங்கை எப்படி வளர்ப்பது, என்ன சாப்பாடு கொடுப்பது, யார் வாங்கவே கூடாது... எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலாங்குக்குக் கண்பார்வை சுமார்தான். அது உலகத்தை மூக்கால் ‘பார்க்கிறது’. விரலைக் கடிப்பது, தொட்டியைவிட்டுத் தப்பிப்பது, வாரக்கணக்கில் பட்டினி கிடப்பது என விலாங்கு வளர்ப்பவர்களின் முக்காவாசிப் புலம்பல்களுக்கு விடை, இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

எந்த விலாங்கு?

கடலில் பாறைகளுக்கும் பவளத்திட்டுகளுக்கும் இடையே வாழும் விலாங்கை ஆங்கிலத்தில் ‘மோரே ஈல்’ என்பார்கள். நம் கடற்கரை மீனவர்கள் ‘அஞ்சாலை’ என்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் சுமார் 200 வகைகள் உண்டு. வீட்டுக்கு ஏற்றவை அதில் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ஸ்நோஃப்ளேக் ஈல்: முதல்முறை வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது இதுதான். வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள், நடுநடுவே மஞ்சள் புள்ளிகள், முகத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மஞ்சள் மூக்குக் குழாய்கள். செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி மத்திய அமெரிக்கா வரை இதன் கடல் எல்லை விரிகிறது. தொட்டியில் பொதுவாக 2 முதல் 2.5 அடி வரை வளரும். நண்டு, இறாலை நொறுக்கித் தின்பதற்கேற்ற மழுங்கிய பற்கள் கொண்டது.

ஜீப்ரா ஈல்: வரிக்குதிரை போல் பட்டை போட்ட சாதுவான வகை. இதுவும் நண்டுப் பிரியர்தான். ஆனால், 5 அடி வரை வளரக்கூடியது. அதற்கேற்ற பெரிய தொட்டி இருந்தால் மட்டுமே யோசியுங்கள்.

ரிப்பன் ஈல்: நீல உடல், மஞ்சள் துடுப்பு என்று பார்த்தவுடனே மயக்கிவிடும். சிறு வயதில் கறுப்பாகவும், ஆணாக முதிரும்போது நீலமாகவும், பின்னர் அதே மீன் பெண்ணாக மாறும்போது மஞ்சளாகவும் நிறம் மாறும். ஆனால், தொட்டிக்கு வந்த பிறகு சாப்பிடவே மறுத்து இறந்துபோவது இந்த வகையில் மிக அதிகம். அழகுக்காக மட்டும் இதை வாங்காதீர்கள்.

ஜெயன்ட் மோரே, தேன்கூடு போன்ற புள்ளிகள் கொண்ட ஹனிகோம்ப் மோரே: குட்டியாகக் கிடைத்தால்கூட வேண்டாம். ஜெயன்ட் மோரே சுமார் 3 மீட்டர் நீளம், 30 கிலோ எடை வரை போகும். அது பொது மீன்காட்சியகத்துக்கான சமாசாரம்.

இன்னொரு உஷார் குறிப்பு. சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் ‘ஈல்’ என்று விற்கப்படுபவை எல்லாம் கடல் விலாங்கு அல்ல. ‘ஃபயர் ஈல்’, ‘டயர் டிராக் ஈல்’ ஆகியவை நன்னீரில் வாழும் வேறு வகை மீன்கள். ‘ஃபிரெஷ்வாட்டர் ஸ்நோஃப்ளேக்’ என்ற பெயரில் வருவதோ, ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரப் பகுதி விலாங்கு. நல்ல தண்ணீரில் போட்டால் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துவிட்டு மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். பெயரை நம்பாமல், எந்தத் தண்ணீரில் வாழும் மீன் என்று கேட்டு வாங்குங்கள்.

தொட்டி... முதலில் தரை தாங்குமா?

ஒரு ஸ்நோஃப்ளேக் ஈலுக்குச் சுமார் 300 லிட்டர் தொட்டி தேவை. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். தண்ணீர் மட்டுமே 300 கிலோ. கண்ணாடி, மணல், பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 400 கிலோவைத் தாண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வருடத்துக்கு ஒரு வீடு மாறும் பேச்சுலர் வாழ்க்கைக்கு இது செட்டே ஆகாது.

தண்ணீருக்கு மெரினாவில் போய் வாளியில் மொண்டு வரும் ஐடியாவை இப்போதே கைவிடுங்கள். நகரக் கடற்கரைத் தண்ணீரில் கழிவும் கிருமியும் கலந்திருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில், கடல் மீன்தொட்டிகளுக்கென்றே விற்கும் உப்புக் கலவையைக் கரைப்பதுதான் பாதுகாப்பு. சமையல் உப்பு உதவாது.

கவனிக்க வேண்டிய அளவுகள்:

வெப்பநிலை: 24 முதல் 27 டிகிரி செல்சியஸ்.
உப்பு: ரிஃப்ராக்டோமீட்டரில் 1.023 முதல் 1.026.
பி.ஹெச்.: 8.1 முதல் 8.4.
அமோனியா, நைட்ரைட்: பூஜ்ஜியம்.
நைட்ரேட்: முடிந்தவரை குறைவாக, 20 பி.பி.எம்முக்குள் இருந்தால் நிம்மதி.

தொட்டியை செட் செய்த அன்றே மீனை விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் பாறையிலும் வளர வேண்டும். இதற்கு 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். அதுவரை காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை இருந்தால், விலாங்கு வளர்க்கும் பொறுமையும் உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

விலாங்கு சாப்பிடுவது இறைச்சி. தொட்டியில் சேரும் கழிவும் அதற்கேற்ப அதிகம். அதனால் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ கட்டாயம் வேண்டும். வாரம் 10 முதல் 15 சதவிகிதம் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் ஆவியாகி மட்டம் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயேதான் இருக்கிறது. குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் போதும்.

நம்ம ஊரில் ஹீட்டரைவிட முக்கியம் ‘சில்லர்’. சித்திரை வெயிலில் அறையின் சூடே 32 டிகிரியைத் தாண்டும்போது, தொட்டியும் கூடவே கொதிக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பில் வீசவிட்டால் ஓரளவு குறையும், ஆனால் உச்ச கோடைக்கு அது போதாது. கரன்ட் கட் ஆனால் ஓடுவதற்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

மறைவிடம் இல்லாத வீடு வீடே இல்லை

பகலில் பொந்தில் பதுங்கி, இருட்டியதும் வாசனை பிடித்து வேட்டைக்குக் கிளம்புவது பெரும்பாலான கடல் விலாங்குகளின் பழக்கம். ஸ்நோஃப்ளேக் பகலிலும் சில நேரம் தலைகாட்டும். எப்படி இருந்தாலும், உடம்பு முழுக்க உள்ளே அடங்குகிற மாதிரி இரண்டு மூன்று பொந்துகள் வேண்டும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் 2 இன்ச் பி.வி.சி. பைப் துண்டுகளே போதும். பாறைகளுக்கு அடியில் மறைத்து வைத்தால் அசிங்கமாகத் தெரியாது.

பாறைகளை மணலின் மேல் அடுக்காதீர்கள். விலாங்கு மணலைத் தோண்டும், பாறை சரிந்து அதன் மேலேயே விழும். முதலில் கண்ணாடித் தரையில் பாறையை உறுதியாக வைத்து, அதன் பிறகு மணலைக் கொட்டுங்கள்.

பாறைக்காகக் கடற்கரையில் பவளம் பொறுக்குவதோ, யாரிடமாவது வாங்குவதோ வேண்டவே வேண்டாம். பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகள் பல வருடங்கள் வெட்டி எடுக்கப்பட்டுச் சிதைந்த கதையை நாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. கடைகளில் கிடைக்கும் செயற்கைப் பாறை, செராமிக் பாறைகளே தாராளம்.

மூடி... மூடி... மூடி!

தொட்டி விலாங்குகள் சாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தப்பித்து வெளியே விழுவது. காலையில் எழுந்து பார்த்தால் சோஃபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும். ‘இவ்ளோ சின்ன ஓட்டையிலயா போச்சு?’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். செதிலே இல்லாத, வழவழப்பான கோழை பூசிய, தசை மட்டுமேயான உடம்பு அது. தலை நுழைந்தால் மொத்த உடம்பும் நுழைந்துவிடும்.

ஸ்நோஃப்ளேக்குக்குக் கரை ஒன்றும் அந்நியமான இடம் இல்லை. தண்ணீருக்கு வெளியே வந்து இரையைப் பிடித்து, அங்கேயே விழுங்கவும் இதனால் முடியும் என்பதை 2021-ல் வெளியான கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு வீடியோவோடு காட்டியது. அலை விலகும் பாறைகளில் நண்டு தேடும் மீனுக்கு, உங்கள் தொட்டியின் விளிம்பு இன்னொரு பாறைதான்.

அதனால், கனமான மூடி கட்டாயம். ஒயரும் பைப்பும் போகும் இடைவெளிகளை வலையாலோ ஸ்பாஞ்சாலோ அடைத்துவிடுங்கள். ஓவர்ஃப்ளோ பாக்ஸின் வாயையும் மறக்காதீர்கள். மூடியின் மேல் கிளிப்போ, கனமோ வையுங்கள். ஒருவேளை தரையில் கண்டெடுத்தால், செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஈரத் துணியால் தூக்கித் தொட்டியில் விடுங்கள். கோழைப் பூச்சு காயாமல் இருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

சாப்பாடு: என்ன, எவ்வளவு, எப்படி?

ஸ்நோஃப்ளேக்கின் மெனு சிம்பிள். ஓட்டோடு இறால், நண்டு, கணவாய், மட்டிச்சதை. எப்போதாவது ஒரு துண்டு கடல் மீன். மீன் மார்க்கெட்டில் ஃபிரெஷ்ஷாக வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் கழுவி, ஒருவேளைக்கு ஒரு பாக்கெட் என ஃப்ரீஸரில் போட்டுவிடலாம். கொடுப்பதற்கு முன் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஐஸ் போக விடுங்கள். உப்பு, மஞ்சள், மசாலா பட்டது, வேகவைத்தது எதுவும் கூடாது.

அளவு: ஒரு துண்டு, மீனின் தலை அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. குட்டி என்றால் 2, 3 நாள்களுக்கு ஒருமுறை. வளர்ந்தது என்றால் வாரம் ஒருமுறை அல்லது இரண்டுமுறை. வயிறு லேசாக உப்பினால் ஸ்டாப். ‘பாவம், பசிக்குதுபோல’ என்று தினமும் ஊட்டினால் கொழுப்புதான் ஏறும். தொட்டித் தண்ணீரும் கெடும். வாயை மூடித் திறந்துகொண்டே இருப்பது பசியும் இல்லை, கோபமும் இல்லை. அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

எதைக் கொடுக்கக் கூடாது: மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்கமீன், குட்டிக் கெண்டை போன்ற நன்னீர் மீன்களை உயிரோடு போடுவது பெரிய தப்பு. அவற்றில் இருக்கும் ‘தயமினேஸ்’ என்ற நொதி, வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். நாள்பட நாள்பட விலாங்கின் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். மட்டிகளிலும் சில கடல் மீன்களிலும்கூட இந்த நொதி உண்டு. ஃப்ரீஸரில் வைப்பதால் அது அழியாது. எனவே, ஒரே உணவைத் தொடர்ந்து கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். அவ்வப்போது மீன்களுக்கான வைட்டமின் சொட்டு மருந்தில் ஊறவைத்தும் கொடுக்கலாம்.

எப்படிக் கொடுப்பது: கையால் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். இறாலைத் தொட்ட கையில் இறால் வாசனைதான் அடிக்கும். மூக்கை நம்பி வாழும் மீனுக்கு உங்கள் விரலும் இறாலும் ஒன்றுதான். சுற்றுலாப் பயணிகள் கையாலேயே ஊட்டிப் பழக்கிய இடங்களில், பெரிய விலாங்குகளிடம் விரலையே பறிகொடுத்த டைவர்கள் உண்டு. அந்த மீன்களிடம் வன்மம் இல்லை, ஆள் மாறாட்டம்தான்.

ஓர் அடிக்கும் மேல் நீளமான, முனை மழுங்கிய இடுக்கியில் துண்டைப் பிடித்து, பொந்தின் வாசலில் மெதுவாக ஆட்டுங்கள். முதலில் மூக்குக் குழாய் நீளும், அப்புறம் தலை, அப்புறம் கடி. ஒருமுறை கவ்விய பிறகு இழுத்து விளையாடாதீர்கள். விலாங்குக்குத் தொண்டைக்குள் இன்னொரு செட் தாடை இருக்கிறது. முன்தாடை இரையைப் பிடித்ததும், தொண்டைத் தாடை முன்னால் பாய்ந்து வந்து கவ்வி, உள்ளே இழுத்துக்கொள்ளும். 2007-ல் ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற இரு விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கியபோது உலகமே வாயைப் பிளந்தது. நீங்கள் இழுத்தால் காயப்படப்போவது அதன் வாய்தான்.

மிச்சம் விழுந்த துண்டுகளை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தொட்டிக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்யும்போது, சாப்பாட்டைத் தொட்ட கையோடு போகாதீர்கள். சோப்பு வாசனையோடும் போகாதீர்கள். கையை நன்றாக அலசிவிட்டு, விலாங்கு எந்தப் பொந்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். அப்படியும் கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டிவிடுங்கள். விலாங்குக் கடியில் கிருமித்தொற்று சுலபமாக வரும்.

உண்ணாவிரதம் இருக்குதே!

புது இடத்துக்கு வந்த விலாங்கு ஒரு வாரம், இரண்டு வாரம் சாப்பிடாமல் இருப்பது சகஜம். சில நேரம் அதையும் தாண்டும். பயப்படாதீர்கள், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அமோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். மறைவிடம் போதுமா என்று பாருங்கள். விளக்கை அணைத்த பிறகு, வாசனை தூக்கலாக இருக்கும் கணவாய் அல்லது மட்டித் துண்டைப் பொந்து வாசலில் வையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், உயிருள்ள சின்ன இறாலோ நண்டோ பெரும்பாலும் வேலை செய்யும். சாப்பிடத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்ல ஃப்ரீஸர் உணவுக்கு மாற்றிவிடலாம். எடை குறைந்து, தலைக்குப் பின்னால் ஒட்டிப்போனதுபோல் தெரிந்தால் மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தாமிரம் கலந்த மீன் மருந்துகளை நீங்களாகவே ஊற்றிவிடாதீர்கள். செதில் இல்லாத உடம்புக்கு அது ஆபத்து.

ரூம்மேட் யாரு?

இறால், நண்டு, சங்குநண்டு எல்லாம் விலாங்கின் பார்வையில் ரூம்மேட் இல்லை, டிபன். விரல் நீளக் குட்டி மீன்களும் இரவில் காணாமல் போகலாம். லயன்ஃபிஷ், டேங் வகைகள், ஓரளவு பெரிய ரேஸ் மீன்களோடு ஸ்நோஃப்ளேக் பொதுவாக ஒத்துப்போகும். முரட்டு டிரிகர் மீன்கள் விலாங்கின் வாலைக் கடித்துக் குதறலாம், ஜாக்கிரதை.

வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. கடைக்காரர் உங்கள் கண்முன்னே ஒரு துண்டு ஊட்டிக் காட்டுவாரா? சாப்பிடாத விலாங்கை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

2. தோலில் புண், வெள்ளைத் திட்டு, கண்ணில் மங்கல் எதுவும் இல்லாமல் இருக்கிறதா?

3. ஊருக்குப் போனால் வெப்பநிலையையும் கரன்ட்டையும் கவனிக்க வீட்டில் ஆள் இருக்கிறதா? ஒரு வாரம் சாப்பாடு இல்லாவிட்டால்கூட வளர்ந்த விலாங்கு தாங்கும். ஒரு நாள் பம்ப் நின்றால் தாங்காது.

4. மாதாமாதம் உப்பு, கரன்ட் பில், இறால் செலவு கட்டுப்படியாகுமா? பல சமயம் இந்த செட்டப்பிலேயே விலை குறைவானது மீன்தான்.

5. வேலை, கல்யாணம், வெளியூர்... இன்னும் 10 வருடத்தில் உங்கள் வாழ்க்கை எப்படி மாறினாலும், இந்த மீனும் அதில் இருக்குமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். வீட்டுத் தொட்டிகளுக்கு வரும் கடல் விலாங்குகளில் கிட்டத்தட்ட எல்லாமே கடலில் பிடிக்கப்பட்டவை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, கண்ணாடி இலை மாதிரி தட்டையாக, நீண்ட காலம் நடுக்கடலில் மிதந்து திரியும். அந்தப் பருவத்தைத் தாண்டி வளர்த்தெடுப்பது மிகக் கடினம் என்பதால், பண்ணையில் பெருக்கி விற்க முடிவதில்லை. அதாவது, நீங்கள் வாங்கும் ஒவ்வொரு விலாங்கும் ஏதோ ஒரு பாறை இடுக்கிலிருந்து குறைந்த ஒரு விலாங்கு.

‘ஒத்துவரலைன்னா கடல்ல விட்டுடலாம்’ என்பதும் தீர்வு இல்லை. தொட்டியில் ஒட்டிக்கொண்ட நோயைக் கடலுக்குக் கொண்டு சேர்த்துவிடும். அந்தக் கடலுக்கே சம்பந்தமில்லாத வகையாகவும் இருக்கலாம். அட்லான்டிக் கடலில் லயன்ஃபிஷ் பெருகி மற்ற மீன்களைக் காலி செய்துகொண்டிருப்பதற்கு, யாரோ தொட்டியிலிருந்து விட்ட மீன்களே தொடக்கம் என்று கருதப்படுகிறது. வளர்க்க முடியாமல் போனால் வாங்கிய கடையிடமோ, கடல் மீன் வளர்க்கும் அனுபவசாலியிடமோ ஒப்படையுங்கள்.

ஐந்து கேள்விக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், தாராளமாகத் தொட்டியை செட் பண்ணுங்கள். ஒன்றில் இடித்தால்கூட அவசரம் வேண்டாம், ரீலுக்கு ஒரு லைக் போட்டுவிட்டுக் காத்திருங்கள். மீனுக்கு முன்னால், இடமும் நேரமும் ரெடியாக இருக்கட்டும்.